தேயிலைப் பெட்டியிலிருந்து ஒரு கதிரை வரை

மலையகத்துத் தோட்டங்களிலே வளர்ந்த முதியவர்களுக்குத் தேயிலைப் பெட்டியை நாம் அறிமுகஞ் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய மாணவர்களுட் பலர் அதனைக் கண்ணாற் கண்டிருக்கமாட்டார்கள். மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆன, ஏறக்குறைய ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள பெட்டி அது. ஓரங்களில் தகரப் பட்டை வைத்துச் சிறு ஆணிகளால் அறைந்திருப்பார்கள். உட்புறத்தில் ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். வெளிப்புறத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் கறுப்பு மையினாற் பதிக்கப்பட்டிருக்கும். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பல அடுக்குக் காகிதப் பைகள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரையில், அற்றன், தலவாக்கலை, நானுஓயா பக்கங்களிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய தேயிலை பெரும்பாலும் இத்தகைய பெட்டிக்குள் இருந்தே கடல் கடந்தது.

கப்பலேறுவதற்கென்று பிறந்த பெட்டிகளில் உடைந்தவையும் கழிக்கப்பட்டவையும் தோட்டத்திலேயே தங்கிவிட்டன. அவை லயத்துக் காம்பிராவுக்குள் புகுந்தன. நிமிர்த்தி வைத்தால் அரிசியும் மாவும் போட்டுவைக்கும் பெட்டி. கவிழ்த்து வைத்தால் மேசை. பக்கவாட்டிற் சாய்த்து முன்னால் ஒரு பழஞ்சேலைத் துண்டைத் தொங்கவிட்டால் அலுமாரி. பலகையைக் கழற்றி எடுத்தால் காம்பிராவை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு. மேலே ஒரு மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டால் பிள்ளையின் படிப்பு மேசையும் அதுவே. மலையகத்திலிருந்து ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தவர்களில் எத்தனை பேர் அத்தகைய மேசையில் எழுதிப் பழகினார்களோ, கணக்கெடுத்தவர் இல்லை.

பெட்டியை அலுமாரியாக்கிய தாய்மார் தம்மை வடிவமைப்பாளர் என்று ஒருகாலும் எண்ணியதில்லை. எனினும் அவர்கள் செய்தது அந்தத் தொழிலேயாம். கையிலுள்ள பொருள் என்ன, கிடைத்த இடம் எவ்வளவு, அதைப் பயன்படுத்தப்போகும் உடம்பு யாருடையது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை காண்பதுதான் தளபாட வடிவமைப்பு. அதனைக் கல்வியாகப் பயிற்றுவித்த பெரும் ஆசிரியர்கள் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நம் தமிழ் நிலத்திலேயே தம் தொழிலைத் தொடங்கினார் என்பது பலர் அறியாத செய்தி. அவரிடம் போவதற்கு முன் நம் பெட்டி வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

பால்டிக் கரையிலிருந்து

வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்தோனியா நாட்டின் தலைநகர் தாலின். அங்கே லூதர் என்னும் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மரத் தொழிற்சாலையை நடத்திவந்தனர். மரக்கட்டையைச் சுழலவிட்டு, அகன்றதொரு கத்தியை அதன்மேற் பொருத்தி, சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல மரத்தை மெல்லிய தாளாக உரித்தெடுத்தார்கள். அத்தாள்களை ஒன்றன் நாரோட்டத்துக்கு மற்றதன் நாரோட்டம் குறுக்காக அமையும்படி அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் ஒட்டுப்பலகை கிடைக்கிறது. நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அது எளிதிற் பிளப்பதில்லை; பாரமும் குறைவு. தேயிலையை ஏற்றுவதற்கு இதைவிட வாய்ப்பான பலகை வேறில்லை. இதனை விற்பதற்கென 1897இல் இலண்டனில் வெனெஸ்டா என்ற நிறுவனம் தோன்றிற்று. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தேயிலைப் பெட்டிகளை அனுப்பியவர்கள் அவர்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகேயுள்ள கிந்தோட்டையில் நம் நாட்டிலேயே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்த பின்னரே அந்நிலை மாறலாயிற்று.

சரக்குப் பெட்டியை வீட்டுச் சாமானாக்கியவர்கள் நாம் மட்டுமல்லர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடவேண்டும். 1907இல் ஷாக்கிள்டன் என்ற பெயர்பெற்ற கடலோடி தென் துருவத்தை நாடிச் சென்றபோது உணவுப் பொருள்களை வெனெஸ்டாப் பெட்டிகளிலேயே கொண்டுபோனார். பனிப்பாலையில் அவரும் தோழர்களும் தங்கியிருந்த குடிலுக்குள் மேசையும் தட்டும் தடுப்பும் அந்தப் பெட்டிப் பலகைகளினால் ஆனவை. அங்கேயே அவர்கள் ஒரு புத்தகத்தை அச்சிட்டு, பெட்டிப் பலகையையே அதற்கு மேலட்டையாகவும் வைத்துக் கட்டினார்கள். அப்பிரதிகள் இன்று நூதனசாலைகளிற் போற்றப்படுகின்றன. லயத்து அலுமாரிகள் எந்த நூதனசாலையில் இருக்கின்றன என்று நம்மைக் கேட்டால் விடையில்லை.

வெனெஸ்டாவில் வேலைபார்த்த ஜாக் பிரிட்சார்ட் என்பவருக்கு, பெட்டிக்குப் போகும் பலகை ஏன் நல்ல கதிரைக்கும் போகக்கூடாது என்ற எண்ணம் பிறந்தது. அவர் ஐசோக்கொன் என்ற தளபாட நிறுவனத்தை அமைத்தார். அதற்காக 1936இல் நீண்ட சாய்வுக் கதிரையொன்றை வடிவமைத்துக் கொடுத்தவர் மார்செல் புரோயர். ஹங்கேரியில் 1902இல் பிறந்த புரோயர், ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளியில் முதலில் மாணவராகத் தச்சுப் பட்டறையில் நின்றவர். 1925இல் அதே பட்டறைக்குத் தலைமை ஆசிரியரானார். தாம் ஏறிச் சென்ற துவிச்சக்கரவண்டியின் வளைந்த கைபிடியைப் பார்த்து, இரும்புக் குழாயை இப்படி வளைக்க முடியுமானால் கதிரைக்கும் வளைக்கலாமே என்று எண்ணி, குழாய்க் கதிரையை உலகுக்குத் தந்தவரும் அவரே. இன்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நாம் காணும் குழாய்க் கதிரைகள் யாவும் ஏதோவொரு வகையில் அவருடைய பேரப்பிள்ளைகள். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி இலண்டனுக்கு வந்து, அங்கே செய்த சாய்வுக் கதிரையில் வளைந்த ஒட்டுப்பலகையைக் கொண்டு சாய்ந்து படுத்த உடம்பின் கோட்டையே வரைந்துவிட்டார். அந்தப் பலகை தாலினிலிருந்து, லூதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. நம் காம்பிராவில் அரிசி இருந்த பெட்டியும் இலண்டன் மாடிவீட்டுக் கதிரையும் இப்படி ஒருவகையில் உடன்பிறப்புகள் ஆகின்றன.

புரோயரின் ஆசிரியத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லலாம். பௌஹவுஸில் தொடக்க காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் வடிவத்தைக் கற்பிக்கும் கலைஞர், மற்றவர் கைவேலையைக் கற்பிக்கும் தொழிலாளி. புரோயரோ இரண்டையும் ஒருவராகவே கற்றுத் தேறி வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். தாளில் வரைபவன் வேறு, பலகையை அறுப்பவன் வேறு என்ற பிரிவினை, நம்மிடையே இன்றும் ஆழமாக வேரூன்றியுள்ள பிரிவினை, அந்தத் தலைமுறையிற் சிறிது தளர்ந்தது. 1937இல் அவர் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றார்.

துரையின் கதிரை

தோட்டத்திலே பெட்டி மாத்திரமா இருந்தது? பங்களாவின் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையும் இருந்தது. கைச்சட்டங்கள் முழங்காலுக்கும் அப்பால் நீண்டு செல்லும்; சிலவற்றில் கைச்சட்டத்தின் அடியில் மடிந்திருக்கும் பலகையைச் சுழற்றி வெளியே நீட்டிக்கொள்ளலாம். காலையில் மலையேறி இறங்கிய துரை சப்பாத்துக் கால்களை அவற்றின்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்வார். பின்னல் பிரம்பு முதுகுக்குக் காற்று விடும். ஆங்கிலத்தில் அதற்குத் தோட்டத்துரையின் கதிரை என்றே பெயர். வடிவமைப்பு என்ற வகையில் அது மிகச் சிறந்த படைப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதனின் ஒரு குறிப்பிட்ட களைப்பை அளந்து செய்தது அது.

அதே மலையில் அதே நாளில் கூடையின் பாரத்தைத் தலைக்கயிற்றில் தாங்கி, சரிவிலே நின்று கொழுந்து பறித்த பெண்ணின் களைப்பை அளந்து எவரும் ஒரு கதிரை செய்யவில்லை. இஸ்தோப்புத் திண்ணையும் அடுப்படிப் பலகையுமே அவளுக்கு வாய்த்தன. இதனை வெறும் மனக்குறையாகச் சொல்லவில்லை. எந்த உடம்பு அளக்கப்படுகிறதோ அந்த உடம்புக்கே வசதி பிறக்கிறது என்னும் பாடம் இதில் இருக்கிறது. அந்தப் பாடத்தை வேறொரு வழியாகக் கற்ற ஒருவரிடம் இனிச் செல்வோம்.

புதுச்சேரியில் ஒரு சுந்தரானந்தர்

ஜோர்ஜ் நக்காஷிமா 1905இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரிற் பிறந்தவர். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் படித்தார். பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். மரம் காட்டில் எவ்வாறு வளர்கிறது என்பதை முதலிற் கற்று, அது வீட்டில் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பின்னர் கற்றவர் எனலாம். படிப்பு முடிந்ததும் தம் மோட்டார் வண்டியை விற்று உலகைச் சுற்றிவரப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். பாரிஸில் சிலகாலம் தங்கி, பெற்றோரின் நாடாகிய யப்பானுக்குச் சென்று, தோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்திற் சேர்ந்தார்.

அக்காலத்தில் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தில் சாதகர்களுக்கென ஒரு தங்குமனை கட்ட முடிவுசெய்தார்கள். ஹைதராபாத் அரசிடமிருந்து நன்கொடை வந்தமையால் அங்குள்ள வைரச் சுரங்கத்தை நினைந்து கோல்கொண்ட் என்று பெயரிட்டார்கள். வேலை ரேமண்டிடம் வந்தது. தளத்தில் நின்று மேற்பார்வை செய்யும் பொறுப்பு 1937 அளவில் நக்காஷிமாவைச் சேர்ந்தது. முழுக் கட்டடமும் கொங்கிறீட்டு. முகப்பு நெடுகிலும் விரும்பியவாறு திறந்து மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள். கடற்காற்று உள்ளே வரும், வெயில் வராது. அறைக்கதவுகள் தேக்கு மரச் சட்டங்களால் ஆனவை. பக்கவாட்டில் நழுவித் திறப்பவை. அந்த அறைகளுக்கான எளிய மரத் தளபாடங்களில் நக்காஷிமாவின் கை உண்டு. அவர் தளபாடம் வடிவமைக்கத் தொடங்கியது அங்கேதான் என்பர். ஆசிரமவாசிகளே வேலையாட்களாக நின்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த கட்டடக்கலைஞர் சிறிது காலத்திற் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாமும் ஒரு சாதகரானார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தர்; அழகில் மகிழ்பவர் என்று பொருள்.

1939இல் புதுச்சேரியை விட்டுச் சென்றவர் யப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். அங்கே புதிய கட்டடங்கள் எழும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தம் கைக்குள் அடங்கும் ஒரு தொழில் வேண்டுமென்று தளபாடத்தைத் தேர்ந்துகொண்டார். சியாட்டில் நகரில் பட்டறைக்கு இடம் வாங்கப் பணமில்லை. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் தாம் நடத்திய சிறுவர் மன்றத்தில் இடம் கொடுத்தார். வாடகைக்குப் பதிலாகச் சிறுவர்களுக்கு மரவேலை கற்பிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அவர் தளபாடத் தொழிலாளியான நாளே ஆசிரியராகவும் ஆனார்.

முள்வேலிக்குள்

1941 டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர், அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டிற் பிறந்த குடிமக்களாயிருந்தும், வீடுவாசலை விட்டுப் பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். நக்காஷிமாவும் மனைவி மரியனும் கைக்குழந்தையாயிருந்த மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்திலிருந்த மினிடோக்கா முகாமுக்குச் சேர்ந்தனர்.

அந்த முகாமின் குடியிருப்பை விவரித்தால் மலையக வாசகர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். 120 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள மரக் கொட்டில்கள், வரிசை வரிசையாக. மேலே தார் பூசிய காகிதம். ஒவ்வொரு கொட்டிலும் ஆறு அறைகளாகப் பிரிக்கப்பட்டுக் குடும்பத்துக்கு ஓர் அறை. உள்ளே படுக்கையும் ஓர் அடுப்பும் ஒரு மின்விளக்கும் தவிர வேறில்லை. லயத்தையும் முகாமையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. முகாம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கோப்பிக் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் லயங்களில் வாழ்கின்றனர். ஆயினும் பிறர் அளந்து கட்டிய நெருக்கமான அறைக்குள் வீடொன்றை உண்டாக்கும் சங்கடம் இரண்டுக்கும் பொதுவானது.

மினிடோக்காவில் ஜெந்தாரோ ஹிக்கோகாவா என்ற தச்சர் இருந்தார். யப்பானில் மரபுவழிப் பயிற்சி பெற்றவர். அமெரிக்காவின் சிறந்த பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற்ற நக்காஷிமா, இந்தத் தச்சருக்கு உதவியாளாக அமர்ந்து உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். வெறுமையான கொட்டில் அறையை எப்படி வாழத்தக்கதாக்கலாம் என்று மாதிரி காட்டும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுப் பலகைகளும் பாலைநிலத்திற் கிடைத்த முறுக்கேறிய புதர்க் கட்டைகளுமே அவர்களின் பண்டசாலை. ஆணியை நம்பாமல், ஒரு மரத்தில் துளையிட்டு மற்றதன் நுனியைச் செதுக்கி அதனுள் இறுக்கும் மூட்டு முறைகளையும், கருவியைத் தீட்டுவதற்குரிய பொறுமையையும் நக்காஷிமா அங்கே கற்றார். தம் தொழிலின் அடிப்படை முள்வேலிக்குள் கிடைத்தது என்பதை அவர் பின்னாளில் மறைத்ததில்லை.

பழைய முதலாளி ரேமண்ட் பிணை நின்று 1943இல் அவரை மீட்டுப் பென்சில்வேனியா மாநிலத்து நியூஹோப் கிராமத்திலிருந்த தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே கோழி வளர்ப்பில் உதவி செய்துகொண்டே நக்காஷிமா தம் பட்டறையை எழுப்பினார். நல்ல பலகை வாங்க வசதியில்லை. ஆகவே மரக்காலைகளில் ஓரம் கோணியது, வெடித்தது, கண் விழுந்தது என்று ஒதுக்கப்பட்டவற்றை வாங்கினார். ஒதுக்கப்பட்ட காரணத்தையே அழகாக மாற்றினார். மரத்தின் இயற்கையான ஓரத்தைச் சீவி நேராக்காமல் அப்படியே மேசையின் விளிம்பாக விட்டார். வெடிப்பை மறைக்காமல், அது மேலும் விரியாதபடி குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் கடின மரத்துண்டைப் பதித்தார். அவர் மேசைகளை உலகம் அடையாளம் காண்பது அந்தப் பூச்சியைக் கொண்டுதான். 1960இல் அவர் வடிவமைத்த கொனாய்ட் என்னும் கதிரைக்கு இரண்டே கால்கள். தரையோடு நீளும் சட்டங்களில் அது நிற்கிறது. விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உட்கார்ந்து பார்த்துத் தெளிந்தார்கள்.

அவருடைய பட்டறையே பள்ளிக்கூடம். புதிதாக வருபவர் அடுக்கிவைத்த பலகைகளைத் தூக்குவதிலும் திருப்புவதிலும் தொடங்கி, மரத்தைக் கையால் அறிந்த பின்னரே கருவிக்கு வரவேண்டும் என்னும் பழைய மரபு அங்கு நின்றது. 1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, இந்தியாவிலேயே செய்வதற்கான தளபாட வரிசையொன்றை அவர் உருவாக்கிக் கொடுத்தார். அங்கிருந்த இளம் வடிவமைப்பாளர்களுக்கு அவரோடு வேலை செய்ததே பாடமாயிற்று. 1990இல் அவர் மறைந்தபின், முகாமுக்குக் கைக்குழந்தையாகச் சென்ற மகள் மீரா பட்டறையைப் பொறுப்பேற்று நடத்திவந்தார். உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் சமாதானத்துக்காக ஒரு பெருமேசை இருக்கவேண்டும் என்பது நக்காஷிமாவின் கனவு. முதலாவது 1986இல் நியூயோர்க் தேவாலயமொன்றில் வைக்கப்பட்டது. இன்னொன்று 1996இல் புதுச்சேரிக்கு அருகேயுள்ள ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்குப் போகும் வாசகர்கள் அதனைப் பார்த்துவரலாம்.

அவருடைய மேசைகள் இன்று ஏலங்களிற் செல்வந்தர் போட்டியிடும் பொருள்களாகிவிட்டன. அந்த விலையில் நமக்கு அக்கறை இல்லை. ஒதுக்கிய பலகை, நெருக்கமான அறை, அருகிருந்த ஒரு முதிய தச்சர் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரு கல்வி எழுந்தது என்பதே நமக்கு வேண்டியது. இவை மூன்றும் மலையகத்திலும் உண்டு.

சவுக்கு

தேயிலை மலைகளுக்கிடையே நெடிதுயர்ந்து, அடிப்புறம் வெள்ளி மின்னும் இலைகளோடு நிற்பதைத் தோட்டங்களில் சவுக்கு என்கிறோம். தாவரப் பெயர் கிரவீலியா. தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்கு என்று சொல்லப்படுவது வேறு மரம். நம்முடையது கிழக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுக்குத் தடையாகவும் நடப்பட்டது. விறகென்றே பலரும் அதனை எண்ணுகிறார்கள். ஆனால் அடிமரத்தை ஆரப்போக்கிற் பிளந்து அறுத்துச் சீவுளியிட்டுப் பார்த்தால், இளஞ்சிவப்புக் கலந்த கபில நிறத்தில் பட்டுத்துணியின் மினுக்கத்தோடு, சரிகை பின்னியதுபோன்ற வரிகள் எழும்புவதைக் காணலாம். ஒட்டுப்பலகைக்கும் பெட்டிக்கும் தளபாடத்துக்கும் உலகின் பல நாடுகளில் அது பயன்படுகிறது.

அதற்குக் குறைகளும் உண்டு. மண்ணிற் படும்படி நாட்டினால் உக்கிவிடும். பூச்சி துளைக்கும், போரன் சார்ந்த மருந்து நீரில் ஊறவைத்தல் நல்லது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். பச்சையாக அறுத்து உடனே மேசை செய்தால் வளைந்து முறுகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலரவேண்டுமென்பது தச்சரின் பழைய கணக்கு. நுவரெலியாவின் பனிமூட்டத்தில் உலர்ந்த பலகைக்கும் கொழும்பு வெப்பத்தில் உலர்ந்த பலகைக்கும் ஈரத்தில் வேறுபாடு உண்டு. மலையில் இறுக்கமாய்ப் பூட்டிய மேசைப்பலகை சமவெளிக்குப் போனால் சுருங்கும். சமவெளியிலிருந்து வந்த அலுமாரிக் கதவு இங்கே ஊதிப்போய் மூட மறுக்கும். இந்த அறிவெல்லாம் புத்தகத்தைவிடக் கையிலேதான் அதிகம் தங்கியிருக்கிறது.

தோட்டத்து மரம் தொழிலாளிக்குச் சொந்தமன்று என்பதையும் மறக்கலாகாது. அது தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பது, அனுமதியின்றி வெட்டுவதற்கில்லை. எனவே மரம் இருந்தும் பலகை எட்டாது என்ற நிலை பலவிடங்களில் உண்டு. முதிர்ந்து வெட்டும் மரங்களில் ஒரு சிறு பங்கையாவது அண்மையிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒதுக்கினால், கம்பனிகளுக்கு அது பெரிய இழப்பாக இராது என்பது நம் கருத்து.

பத்துக்குப் பன்னிரண்டு

பழைய லயத்துக் காம்பிராவின் அளவைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். அடிக் கணக்கு அது. இப்போது சில தோட்டங்களில் தனிவீடுகள் எழுகின்றன. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் என்று திட்டம் விரிந்தது. ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு. தேவைக்கு இது எட்டுமா என்பது தனி விவாதம். வீடு கிடைத்த குடும்பம் உள்ளே என்ன வைக்கப்போகிறது என்பதே இங்கு நம் கேள்வி.

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று பிளாஸ்டிக் கதிரை. மலிவு, நனைந்தாலும் கெடாது, அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மற்றது தவணைக்கு வாங்கும் பெரிய மெத்தைத் தளபாடம். நகரத்துப் பெருவீட்டின் அளவிற் செய்த அந்தச் சாமான் 550 சதுர அடிக்குள் வந்ததும் வீட்டின் பாதியை விழுங்கிவிடுகிறது. பிள்ளை மறுபடியும் தரையில் அமர்ந்து படிக்கிறது. கடன் தீருமுன் மெத்தை கிழிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, சுவரோடு மடிந்து பகலில் மேசையாகவும் இரவில் தட்டாகவும் நிற்பது, கட்டிலுக்கு அடியில் இழுப்பறையாக ஒளிவது, கூரைச்சரிவின் கீழ் வீணாகும் மூலையைப் பயன்படுத்துவது என்று எத்தனையோ வடிவங்கள் பிறக்க இடமுண்டு. அவற்றைப் பிறப்பிக்க வேண்டியவர் அந்த வீட்டில் வாழ்ந்தவராக இருந்தால் மிக நன்று.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. தேசிய தொழில் பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும், தொழிற் பயிற்சி அதிகார சபையும் தச்சுத் தொழிலுக்குப் பயிற்சி அளித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கு வழிகாட்டுகின்றன. இத்தீவின் தச்சர் நகரமாகிய மொறட்டுவையில் உள்ள பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டப் படிப்பு இருக்கிறது. நம் பெற்றோர் பலர் தச்சு என்றதும் முகஞ்சுளிக்கிறார்கள். மலையை விட்டுப் பிள்ளை போகவேண்டுமானால் எழுதுவினைஞர் வேலையோ ஆசிரியத் தொழிலோதான் வாசல் என்று எண்ணுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்துக் களைத்தவர்கள் பிள்ளையின் கையைக் காப்பாற்ற நினைப்பது இயல்பே. ஆனால் கைவேலையும் கணக்கும் வரைபடமும் ஒருங்கே கூடிய தொழிலைக் கூலிவேலையோடு ஒன்றாக எண்ணுவது பொருந்தாது. புரோயரும் நக்காஷிமாவும் பட்டறையில் நின்றே பல்கலைக்கழகங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும் போனவர்கள்.

இக்கல்வியின் முதற் பாடத்தை மாணவர்கள் இன்றே வீட்டிற் செய்து பார்க்கலாம். பணம் வேண்டாம், தையற்காரர் நாடாவும் ஒரு கொப்பியும் போதும். அம்மாவை ஒரு பெட்டியின்மேல், பாதம் இரண்டும் தரையிற் படியும்படி அமரச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கதிரையின் இருக்கை அந்த உயரத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கால் தொங்கும், தொடையின் அடிப்புறம் அழுந்தும், சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். அடுத்து, இருந்தபடியே முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று பாருங்கள்; எழுதும் மேசையின் உயரம் அதை ஒட்டி வரவேண்டும். பாட்டிக்கும் தம்பிக்கும் அப்படியே அளந்து எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள கதிரையையும் அளவுங்கள். கடையில் விற்கும் கதிரைகள் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குல உயரம் உள்ளவை. மலையேறி இறங்கிய அம்மாவின் அளவு 14 என்றோ 15 என்றோ வந்தால், அவர் கதிரை இருக்கும்போதே அடுப்படிப் பலகையைத் தேடிப் போவதற்குக் காரணம் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கொப்பியை அருகிலுள்ள தச்சரிடம் எடுத்துச் சென்று, இந்த அளவில் ஒன்று செய்ய எவ்வளவு பலகை பிடிக்கும் என்று கேளுங்கள்.